கிராங்கும் ஃப்ளைவீலும்: மணலில் ஓடும் வண்டிக்கு எந்த எடை பொருந்தும்?

ஏர் கூல்டு ஃபோக்ஸ்வேகன் என்ஜினை முதன்முறையாகப் பிரித்துக் கட்ட உட்காருகிறவர்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிக் குழம்பிவிடுகிறார்கள். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, அதாவது கிராங்க் ஷாஃப்ட், எது? அதன் முனையில் சுற்றும் கனமான சக்கரம், அதாவது ஃப்ளைவீல், எத்தனை கிலோ? இரண்டும் ஒரே நட்டில் இறுகி ஒன்றாகச் சுற்றுவதால், ஒன்றில் குறைந்த எடையை மற்றதில் ஏற்றிச் சரிசெய்துகொள்ளலாம் என்று தோன்றும். அது நடக்காது. கிராங்கில் இருக்கும் எதிர் எடை பேரிங்கைக் காப்பதற்காக. ஃப்ளைவீலின் எடை வண்டி ஓடப்போகும் தரைக்காக. இரண்டையும் தனித்தனியே முடிவு செய்தால்தான் என்ஜின் நீடித்து உழைக்கும்.

இந்த என்ஜினை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1964-இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் ஃபைபர் கிளாஸ் உடலும் பீட்டில் காரின் என்ஜினும் சேர்த்து ‘மேயர்ஸ் மேங்ஸ்’ என்ற மணல் வண்டியைச் செய்தார். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் 1967-இல் நடந்த முதல் நெடும்பந்தயத்தை விக் வில்சனும் டெட் மேங்கல்ஸும் அந்த வண்டியில்தான் 27 மணி 38 நிமிடத்தில் ஓட்டி வென்றார்கள். அன்றிலிருந்து பாலைவன வண்டி கட்டுகிறவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் என்ஜின் பெரும்பாலும் இதுதான். பாகங்கள் சிறியவை, கையில் பிடித்துப் பார்க்கலாம். செய்த தவறு சீக்கிரம் தெரிந்துவிடும்.

அடிப்படை அளவுகளை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த 1600 என்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 85.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 69 மி.மீ., கொள்ளளவு 1584 சி.சி. கிராங்கை நான்கு மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. ஃப்ளைவீல் பக்கம் 1, நடுவில் 2, டைமிங் கியருக்கு முன்னால் 3, புல்லி பக்கம் சிறியதாக 4. என்ஜின் கேஸ் மெக்னீசியம் கலவை; எடை குறைவு, ஆனால் மெத்தென்ற உலோகம்.

கிராங்க் வளைகிறது

எஃகுத் தண்டு வளையுமா என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவில் வளையும். இந்த என்ஜினில் அது எப்படி என்று புரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கின்றன. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு பிடிக்கும் நான்கு கிராங்க் பின்களை வரிசையாகப் பாருங்கள்: முதலாவது ஒரு பக்கம், இரண்டாவது மறுபக்கம், மூன்றாவதும் அதே மறுபக்கம், நான்காவது மீண்டும் முதல் பக்கம். மொத்தமாகக் கூட்டினால் விசைகள் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். அதனால்தான் ஸ்டாக், அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்த, கிராங்கில் எதிர் எடையே இல்லாமல் தொழிற்சாலையால் ஓட்ட முடிந்தது. ஆனால் நடுவில் இருக்கும் இரண்டு பின்களும் ஒரே பக்கம் இழுக்கின்றன. வெளியே இருக்கும் இரண்டும் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. தண்டு வில்லைப் போல வளையப் பார்க்கிறது. அந்த வளைவின் உச்சி சரியாக நடு மெயின் பேரிங்கில் விழுகிறது.

இந்த விசை சுழல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நிமிடத்துக்கு 4000 சுற்றில் இருப்பதைப்போல 5500 சுற்றில் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. ஒவ்வொரு சுற்றிலும் நடு பேரிங்கின் இருக்கையைத் தண்டு தட்டிக்கொண்டே இருக்கும். மெக்னீசியம் மெல்ல நசுங்கி, துளை நீள்வட்டமாகும். எண்ணெய் அந்த இடைவெளியில் ஓடிவிட, சூடான என்ஜினில் எண்ணெய் அழுத்தம் விழும். புது எண்ணெய் பம்ப் போட்டும் அழுத்தம் ஏறவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இந்த நடு இருக்கைதான்.

எதிர் எடை வைத்த கிராங்க், ஒவ்வொரு பின்னின் இழுப்பையும் அது பிறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எதிர்க்கிறது. தண்டு வளைவது குறைகிறது. என்ஜினின் சக்தி இதனால் ஏறாது; ஆயுள்தான் ஏறும்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த என்ஜின் எத்தனை சுற்றில் அதிக நேரம் ஓடப்போகிறது? ஒற்றை கார்புரேட்டர், வால்வுகளைத் திறக்கும் ஸ்டாக் கேம், 4500 சுற்றுக்குமேல் போகவே போகாது என்றால் நல்ல நிலையில் இருக்கும் ஸ்டாக் கிராங்க் போதும். அது ஃபோர்ஜிங் முறையில், அதாவது அழுத்தி அடித்து, செய்யப்பட்ட எஃகு, தரம் குறைந்ததல்ல. 5000-ஐத் தாண்டித் தொடர்ந்து ஓட்டுவீர்கள், மணல் மேட்டில் சக்கரம் நழுவி என்ஜின் சட்டென்று எகிறும் என்றால் எதிர் எடை வைத்ததை வாங்குங்கள். மணலில் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகைதான். அவர்கள் இதில் காசு மிச்சம் பிடிப்பது நல்லதல்ல.

விலை குறைவாக வார்ப்புக் கிராங்குகளும் கிடைக்கும். சாலைக்கு ஓடும். குதித்து விழும் வண்டிக்கு ஃபோர்ஜ் செய்தது, முடிந்தால் 4340 குரோமாலி எஃகு.

பழைய கிராங்கை மறுபடி போடுவதானால் கேஸை மூடும்முன் மூன்று சோதனைகள். லேத் பட்டறையில் காந்தத் துகளால் விரிசலைக் காட்டும் மேக்னாஃப்ளக்ஸ் முறையில் சோதிக்க வேண்டும். V வடிவக் கட்டைகளில் படுக்கவைத்து டயல் கேஜில் கோணல் பார்க்க வேண்டும். பேரிங்கில் உட்காரும் பகுதிகளான ஜர்னல்களை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். 1 முதல் 3 வரையிலான மெயின் ஜர்னல்களும் ராடு ஜர்னல்களும் 55 மி.மீ., நான்காவது 40 மி.மீ. தேய்ந்திருந்தால் 0.25 மி.மீ. படிகளில் அரைத்து, அதே அளவுக்கு அண்டர் சைஸ் பேரிங் போடலாம். அரைக்கும்போது ஜர்னல் ஓரத்து வளைவை அழித்துக் கூர்மூலையாக விட்டுவிட்டால் அங்கேதான் விரிசல் தொடங்கும். பட்டறைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்ட்ரோக்கைக் கூட்டலாமா

கொள்ளளவைக் கூட்ட இரண்டு வழி: போரைக் கூட்டலாம், ஸ்ட்ரோக்கைக் கூட்டலாம். மணலிலும் ஏற்றத்திலும் வேண்டியது கீழ்ச் சுற்றில் முறுக்கு விசை. அதைக் கொடுப்பது கொள்ளளவு. ஸ்ட்ரோக்கைக் கூட்டினால், சிலிண்டர் சுவரை மெலியவைக்காமலே அது கிடைக்கும். காற்றில் குளிரும் என்ஜினில் இது பெரிய விஷயம். 92 மி.மீ. பேரல்கள் (தனித்தனியே மாட்டும் சிலிண்டர் குழல்கள்) மெல்லிய சுவருக்குப் பெயர்போனவை. சூட்டில் வட்டம் கெட்டு, ஹெட்டோடு சேரும் இடத்தில் கசியும். 90.5 அல்லது தடித்த சுவர் கொண்ட 94 நம்பிக்கையானவை.

கணக்கு இப்படி வரும். 90.5 போரும் 69 ஸ்ட்ரோக்கும் 1776 சி.சி. அதே போரில் 78 ஸ்ட்ரோக் 2007 சி.சி. 82 ஸ்ட்ரோக் 2110 சி.சி. இந்தப் பேரல்களுக்கு கேஸிலும் ஹெட்டிலும் துளையைப் பெரிதாக்கும் லேத் வேலை உண்டு என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

69-இலிருந்து 78-க்குப் போனால் கிராங்க் மட்டும் மாறுவதில்லை. பின் 4.5 மி.மீ. வெளியே தள்ளிச் சுற்றுகிறது. கனெக்டிங் ராடின் போல்ட் தலை கேஸின் உட்சுவரிலும் கேம் ஷாஃப்ட்டிலும் இடிக்கும். கேஸில் அந்த இடங்களை கிரைண்டரால் குடைய வேண்டும். எவ்வளவு? ஓடும் பாகத்துக்கும் நிற்கும் பாகத்துக்கும் நடுவே குறைந்தது 1 மி.மீ. கேஸைத் தற்காலிகமாக மூடி, கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் ஒரு சுற்றோடு நிறுத்தினால் இடிக்கும் இடம் கண்ணில் படாமல் போகலாம். குடைந்தபின் மெக்னீசியத் துகளை நன்றாகக் கழுவி எடுங்கள். எண்ணெய்க் குழாய்களுக்குள் ஒரு துகள் தங்கினாலும் பேரிங் போகும்.

ராடு நீளமும் கணக்கில் வரும். ஸ்டாக் ராடு 137 மி.மீ. அதை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் 69-க்கு 1.99, 78-க்கு 1.76, 82-க்கு 1.67. எண் குறையக் குறைய ராடு சாய்ந்து பிஸ்டனைச் சிலிண்டர் சுவரில் அதிகம் அழுத்தும், உராய்வும் சூடும் கூடும். 82-க்கு 139.7 மி.மீ. ராடு போட்டால் 1.70 ஆகும். ஆனால் என்ஜின் அகலம் கூடும். தகர உறைகளும் எக்ஸாஸ்ட்டும் இழுத்துக்கொண்டு நிற்கும். 82-க்கு ‘செவி’ (ஷெவர்லே) அளவு எனப்படும் 50.8 மி.மீ. ராடு ஜர்னலுள்ள கிராங்கை வாங்கினால் ராடின் தலை சிறியதாகி, குடையும் வேலை குறையும். ஸ்ட்ரோக் எதுவானாலும் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது பேரல் விளிம்புக்குக் கீழே 1 முதல் 1.5 மி.மீ. இடைவெளி இருக்குமாறு பேரல் அடியில் ஷிம் எனப்படும் மெல்லிய வளையத் தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

முதல் என்ஜின் கட்டுகிறவருக்கு எங்கள் பரிந்துரை 69 மி.மீ., எதிர் எடை வைத்தது, 90.5 பேரல். குடையும் வேலையே இல்லை. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் 78. 82-ஐ இரண்டாவது என்ஜினுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளைவீல்: எத்தனை கிலோ என்பதைவிட எங்கே என்பது முக்கியம்

குயவர் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு ஃப்ளைவீலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய சக்கரங்களில் கனமெல்லாம் விளிம்பில் இருக்கும். கோலால் நாலு சுற்று சுற்றிவிட்டால் பானை வனைந்து முடியும்வரை நில்லாமல் ஓடும். அதே எடையை நடுவில் குவித்திருந்தால் கை வைத்ததும் நின்றுவிடும்.

பள்ளிக்கூடத்தில் படித்த நிலைமத் திருப்புத்திறன் இதுதான்: எடையை ஆரத்தாலும் மறுபடி ஆரத்தாலும் பெருக்க வேண்டும். மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி இருக்கும் 1 கிலோ, 6 செ.மீ. தள்ளி இருக்கும் 1 கிலோவைப்போல நான்கு மடங்கு வேலை செய்யும். 12 வோல்ட் பீட்டிலின் ஃப்ளைவீல் 200 மி.மீ. கிளட்சுக்கானது, 130 பல், எடை சுமார் 8 கிலோ. அதைத் தோராயமாக 13 செ.மீ. ஆரமுள்ள சீரான தட்டு என்று வைத்துக்கொண்டால் திருப்புத்திறன் 0.068 கிலோ சதுர மீட்டர். விளிம்புப் பக்கம் 12 செ.மீ. ஆரத்தில் 2 கிலோ சீவி எடுத்தால் 0.029 போய்விடும். எடையில் கால் பங்குதான் குறைந்தது. சுழலும் பிடிவாதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

கிராங்கின் எதிர் எடை ஏன் ஃப்ளைவீலுக்கு மாற்றாகாது என்பதும் இதிலேயே தெரியும். அது மையத்திலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில் சுற்றுகிறது. அங்கே 2 கிலோ கூட்டினாலும் திருப்புத்திறன் 0.005 மட்டுமே. கனமான கிராங்க் போட்டாயிற்று, ஃப்ளைவீலை எவ்வளவு வேண்டுமானாலும் சீவலாம் என்கிற பேச்சு இந்தக் கணக்கில் நிற்காது.

ஃப்ளைவீலை இலேசாக்கினால் குதிரைத்திறன் ஏறும் என்பது தவறு. ஒரே சுற்றில் நிலையாக ஓடும்போது 8 கிலோவும் 5 கிலோவும் ஒன்றுதான். சுற்று ஏறும்போதும் இறங்கும்போதும்தான் வித்தியாசம். அதுவும் எந்த கியரில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய பீட்டில் கியர் பெட்டியில் முதல் கியர் 3.80, நான்காவது 0.89, கடைசி விகிதம் 4.375. டயரின் ஆரம் 36 செ.மீ. என்று வையுங்கள். விளிம்பிலிருந்து எடுத்த அந்த 2 கிலோ, முதல் கியரில் வண்டியிலிருந்து ஏறக்குறைய 61 கிலோவை இறக்கிவைத்ததற்குச் சமம். நான்காம் கியரில் வெறும் 3.4 கிலோ. கீழ் கியரில் அடிக்கடி ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்கும் மணல்வெளியில் அதனால்தான் இலேசான ஃப்ளைவீல் உயிரோட்டமாகத் தெரிகிறது.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. கனமான ஃப்ளைவீல் சக்தியைச் சேமித்து வைக்கும். 700 கிலோ வண்டி பாறைமேல் ஊர்ந்து ஏறுகிறது, சுமை விழுந்து என்ஜின் 1500-இலிருந்து 1000 சுற்றுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 8 கிலோ ஃப்ளைவீல் அப்போது சுமார் 466 ஜூல் விட்டுக்கொடுக்கும். உராய்வை விட்டுப் பார்த்தால் வண்டியை 6.8 செ.மீ. தூக்க அது போதும். 2 கிலோ சீவிய ஃப்ளைவீல் 4 செ.மீ. கூடத் தூக்காது. பாறைத் தடத்தில் அந்த வித்தியாசம்தான் ஏறிவிடுவதற்கும் என்ஜின் அணைந்து பின்னால் உருளுவதற்கும் நடுவே நிற்கும் கோடு.

எனவே பாறை, சேறு, மெதுவாக ஊரும் தடம் என்றால் ஸ்டாக் எடையைத் தொடாதீர்கள். திறந்த மணல் மேடுகள், வேகமான பாலைவனத் தடம் என்றால் 5.5 முதல் 6 கிலோ வரை நல்ல இடம். 4.5 கிலோவுக்குக் கீழே போவது நேர்கோட்டுப் பந்தயக்காரர்களின் விஷயம். நின்ற இடத்திலிருந்து கிளம்பக் கிளட்சை நிறைய நழுவவிட வேண்டிவரும், ஐடிலிங் தடுமாறும், பெரிய கேம் போட்டிருந்தால் இன்னும் மோசம். கிளட்ச் நழுவும் சூட்டை உறிஞ்ச உலோகமும் குறைவாக இருப்பதால் ஃப்ளைவீலின் முகம் நீலம் பூத்துக் கோணும்.

குதிக்கும் வண்டிக்குத் தனிக் கவனம் தேவை. சக்கரம் தரையை விட்டதும் சுமை போய் என்ஜின் எகிறும். தரை தொட்டதும் டயர் அதைப் பிடித்து நிறுத்தும். அப்போது ஃப்ளைவீலில் சேர்ந்திருந்த சக்தி முழுதும் கியர் பற்களிலும் ஆக்சிலிலும் போய் இறங்கும். கனம் கூடினால் அடி கூடும். இலேசானது காற்றில் இன்னும் வேகமாக எகிறும் என்பதால் அதுவும் முழுத் தீர்வாகாது. வண்டி மேலே எழும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கப் பழக வேண்டும்.

ஸ்டாக் ஃப்ளைவீலைச் சீவுவதானால் என்ஜின் பக்கத்து முகத்தில், விளிம்பை ஒட்டிச் சீவ வேண்டும். பல்லுக்கு நேர் அடியிலும், கிராங்கோடு பூட்டும் டவல் பின்களுக்கான துளைகள் உள்ள நடுப்பகுதியிலும் கை வைக்கக் கூடாது. வெட்டு முடியும் இடத்தில் கூர்மூலை விடாமல் வளைவாக முடிக்க வேண்டும். அதிக சுற்றில் ஃப்ளைவீல் வெடித்தால் துண்டுகள் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். யார் எப்போது சீவியது என்று தெரியாத பழைய ஃப்ளைவீலை வாங்குவதைவிடப் புதிதாக ஃபோர்ஜ் செய்த இலேசான ஒன்றை வாங்குவது நல்லது. வாங்கும்முன் பல்லை எண்ணுங்கள். 6 வோல்ட் காலத்து ஃப்ளைவீல் 180 மி.மீ., 109 பல். அதன் ஸ்டார்ட்டரும் பெல் ஹவுசிங்கும் வேறு.

இரண்டும் சேரும் இடம்

ஸ்டாக் என்ஜினில் கிராங்கையும் ஃப்ளைவீலையும் இணைப்பது நான்கு டவல் பின்களும் நடுவில் ஒரே ஒரு கிளாண்ட் நட்டும். பெரிய டயர், கெட்டியான கிளட்ச், குதித்து விழும் அடி என்று சேரும்போது நட்டு தளரும், டவல் துளைகள் நீள்வட்டமாகும், ஃப்ளைவீல் ஆடத் தொடங்கும். பிறகு கிராங்கும் ஃப்ளைவீலும் இரண்டுமே வீண். இதற்காகத்தான் எட்டு டவல் வைக்கிறார்கள். துளைகள் இரண்டிலும் ஒரே ஜிக்கில் (துளையிட வழிகாட்டும் சட்டத்தில்) போடப்பட்டிருக்க வேண்டும்; ஃப்ளைவீல் சுத்தியல் அடியில்லாமல், ஆனால் ஆட்டமும் இல்லாமல் உட்கார வேண்டும்.

கேஸை மூடும்முன் கிராங்க், ஃப்ளைவீல், கிளட்சை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் மூன்றையும் சேர்த்து பேலன்ஸ் செய்து, எது எந்த நிலையில் இருந்தது என்று குறி போட்டுக்கொள்ளுங்கள். பின்னாளில் பிரஷர் பிளேட்டை அந்தக் குறி பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

அடுத்தது எண்ட் ப்ளே, அதாவது கிராங்க் முன்னும் பின்னும் நகரும் இடைவெளி. 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஃப்ளைவீலுக்கும் முதல் மெயின் பேரிங்குக்கும் நடுவே எப்போதும் மூன்று ஷிம்கள் உட்காரும். ஆயில் சீல் போடாமல் இரண்டு ஷிம் மட்டும் வைத்து ஃப்ளைவீலை இறுக்கி, டயல் கேஜில் ஆட்டத்தை அளவிடுங்கள். அந்த அளவில் 0.10 கழித்தால் வருவதுதான் மூன்றாவது ஷிம்மின் தடிமன். 0.44 காட்டினால் 0.34 ஷிம். மூன்றுக்குப் பதில் இரண்டு தடித்த ஷிம் வைக்கும் குறுக்குவழி வேண்டாம். மூன்றும் தனித்தனியே நழுவிச் சுழலத்தான் அந்த எண்ணிக்கை. கெட்டியான பிரஷர் பிளேட் போட்டவர்கள் இந்த ஆட்டத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தத்தைத் தாங்குவது முதல் மெயின் பேரிங்கின் ஓரம்தான். கியரில் போட்டு கிளட்சை மிதித்தபடியே காத்திருக்கும் பழக்கம் அதைத் தேய்த்துவிடும்.

கிளாண்ட் நட்டுக்கு 36 மி.மீ. சாக்கெட்டும் ஃப்ளைவீல் பூட்டும் வேண்டும். பிந்தைய 1600 என்ஜின்களுக்கான முறுக்கு அளவு 343 நியூட்டன் மீட்டர். 1 மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 35 கிலோ தொங்குவதற்குச் சமம். சாதாரணக் கைக்கம்பியால் ஊகமாக இறுக்கினால் அந்த அளவு வராது. நட்டுக்குள் கியர் பெட்டித் தண்டின் நுனி சுழலும் ஊசி பேரிங் இருக்கிறது. அதற்குக் கொஞ்சமாக மட்டும் கிரீஸ். அதிகம் வைத்தால் உருகிக் கிளட்சில் தெறிக்கும்.

புல்லி முனையை மறந்துவிடாதீர்கள். ஸ்டாக் புல்லியில் ரப்பர் சீல் கிடையாது. சுருள் பள்ளம் ஒன்றுதான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. எண்ணெயை அது தடுக்கும், பொடி மணலைத் தடுக்காது. மணல் அந்த வழியாக நுழைந்தால் எவ்வளவு நல்ல கிராங்க் வாங்கியிருந்தாலும் பேரிங் அரைபட்டுப் போகும். சீல் வைத்த மணல் புல்லியை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

வண்டியை ஓட்டத் தொடங்கியபின், ஒவ்வொரு மணல் பயணத்துக்குப் பிறகும் கீழே படுத்து, என்ஜினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தைப் பாருங்கள். எண்ணெய் சொட்டினால் சீல் போயிருக்கலாம், அல்லது ஃப்ளைவீல் தளர்ந்திருக்கலாம். புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். ‘டக்’கென்று சத்தம் கேட்கும் அளவுக்கு ஆடினால் என்ஜினை இறக்கி அளந்து பார்க்காமல் அடுத்த பயணத்துக்குக் கிளம்ப வேண்டாம்.